இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சாகாது: தமிழில் விமர்சனம் பிறந்த கதை

கொடைக்கானல் மலைக்குக் கீழே, மஞ்சளாற்றங்கரையில் இருக்கும் ஊர் வத்தலக்குண்டு. 1872-ல் ராஜம் ஐயர் அங்கே பிறந்தபோது ஊர் மதுரை ஜில்லாவில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமாக இன்னும் 113 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. மதுரையில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கினார் ராஜம் ஐயர். அடுத்து வக்கீலாவதுதான் அந்தக் காலத்துப் பட்டதாரிகள் போன வழி. அவருக்குச் சட்டப் படிப்பு கைகூடவில்லை. தமிழுக்கு அடித்த அதிர்ஷ்டம் அந்தத் தோல்வியில்தான் தொடங்கியது. கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் கதை எழுத உட்கார்ந்தார்.

1893-ல், சி.வி. சுவாமிநாதையர் நடத்திய 'விவேக சிந்தாமணி' இதழில் அவருடைய தொடர்கதை வரத் தொடங்கியது. எழுதியவருக்கு வயது 21. மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்னும் கற்பனைக் கிராமம், அங்கே முத்துசுவாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், கூட்டுக் குடும்பத்துப் பொறாமை, ஊர் வம்பு, ஒரு அபவாதம், அதனால் சிதறும் வீடு என்று கதை இரண்டு ஆண்டுகள் ஓடியது. 1896-ல் 'கமலாம்பாள் சரித்திரம்' புத்தகமாக வந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-லேயே வந்துவிட்டது என்றாலும், பக்கத்து வீட்டு மனிதர்களை அப்படியே பக்கத்தில் நிறுத்திக் காட்டிய நாவல் இதுதான். படித்தவர்களுக்குப் பிடித்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று சொல்ல அன்றைக்குத் தமிழில் ஒரு வழி இல்லை.

பழைய வழிகள் இருக்கத்தான் செய்தன. இளம்பூரணர், நச்சினார்க்கினியர், பரிமேலழகர் என்று உரையாசிரியர்களின் நெடிய வரிசை உண்டு. ஒரு செய்யுளில் என்ன அணி வந்திருக்கிறது என்று சொல்லத் தண்டியலங்காரம் இருந்தது. புது நூல் என்றால் புலவர்கள் கூடிய அவையில் அரங்கேற வேண்டும். சிறப்புப் பாயிரம் வாங்க வேண்டும். எல்லாம் செய்யுளுக்கான ஏற்பாடு. உரைநடையில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் அதை எதை வைத்து நிறுப்பது? பாத்திரம் உயிரோடு இருக்கிறதா, பேச்சு அந்த மனிதருக்குப் பொருந்துகிறதா, முடிவு நியாயமாக வந்து சேர்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. ராஜம் ஐயரே தம் நாவலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதரை உலவவிட்டு, பாட்டைப் பிரித்துப் பிரித்துப் பொருள் சொல்லும் பழைய முறையைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். அந்த முறைக்குப் பதிலாகப் புதியது ஒன்றை வைக்கக்கூடிய அறிவும் படிப்பும் அவருக்கு இருந்தன. காலம் மட்டும் இல்லை.

1896-ல் 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். இரண்டே ஆண்டுகள். 1898 மே மாதம், 26-ம் வயதில் ராஜம் ஐயர் காலமானார். ஒரு நாவலை விட்டுவிட்டு வத்தலக்குண்டுக்காரர் போய்விட்டார். அதை அலசிப் பார்க்க அதே வத்தலக்குண்டிலிருந்துதான் ஒருவர் வர வேண்டியிருந்தது. அதற்குள் வேறு ஓர் இடத்தில், யாரும் எதிர்பாராத ஓர் அறையில், முதல் முயற்சி நடந்துவிட்டது.

அந்த அறை பெல்லாரிச் சிறையில் இருந்தது. 1921-22-ல் அங்கே அடைபட்டிருந்தவர் வ.வே.சு. ஐயர். லண்டனில் புரட்சிக்காரர்களோடு இருந்தவர், புதுச்சேரியில் பாரதியோடு இருந்தவர். சிறைக்குள் கம்பராமாயணத்தை எடுத்துக்கொண்டு, ஹோமர், மில்டன், வால்மீகி வரிசையில் கம்பனை நிறுத்தி, காட்சி காட்சியாக ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். தமிழ்க் காவியத்தை உலகத் தராசில் வைத்து நிறுத்த முயற்சி அது. எழுதியதோ ஆங்கிலத்தில். தமிழிலும் அதே வேலையைத் தொடங்கியிருந்தார். 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரை தவறி விழ, காப்பாற்றப் பாய்ந்த ஐயரும் நீரோடு போனார். அவர் சிறையில் எழுதிய நூல் 1950-ல்தான் அச்சேறியது. இரண்டாவது முறையும் வாசல் திறக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாவது வாய்ப்பு மறுபடி வத்தலக்குண்டிலிருந்து புறப்பட்டது. 1905-ல் அங்கே பிறந்த பி.எஸ். ராமையாவுக்குக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. கிடைத்த வேலையைச் செய்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், 'ஆனந்த விகடன்' சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்று எழுத்தாளரானவர். 1933 செப்டம்பரில் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் தொடங்கிய 'மணிக்கொடி' நின்றுபோனபோது, ராமையா அதைக் கையில் எடுத்தார். 1935-லிருந்து அது முழுக்கச் சிறுகதைப் பத்திரிகையானது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயர்களெல்லாம் அந்தப் பக்கங்களில் வந்தன. ராமையாவின் ஊரிலிருந்து வந்த இன்னொரு இளைஞரும் அதில் கதை எழுதினார். அந்த இளைஞரின் முறை வர இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன் ஒரு பெரிய சண்டை வந்தது.

சண்டைக்குக் காரணம் பாரதி. அவர் இறந்து பதினைந்து ஆண்டுகூட முழுதாகவில்லை. பாரதி மகாகவி என்றார் வ.ரா.; உலகத்துப் பெரிய கவிகளோடு அவரை நிறுத்தினார். 'ஆனந்த விகட'னில் இருந்த கல்கி அதை ஏற்கவில்லை. நல்ல கவி, தேசிய கவி, ஆனால் மகாகவி என்ற பட்டம் பொருந்தாது என்பது அவர் கட்சி. தமிழ்நாட்டின் எழுத்தாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மகாகவி இல்லை என்று ஒருவர் சொன்னால், ஆமாம் மகாகவிதான் என்று உரக்கச் சொல்வதோடு விவாதம் முடிந்திருக்கும். கு.ப.ரா.வும் 'சிட்டி' பெ.கோ. சுந்தரராஜனும் அப்படி விடவில்லை. ஒரு கவியை மகாகவி ஆக்குவது எது என்ற கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு, பாரதியின் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கட்டுரைகள் எழுதினார்கள். 1937-ல் அவை 'கண்ணன் என் கவி' என்று நூலாயின. ஒரு தற்காலக் கவியை, அவர் எழுதிய சொற்களைக் கொண்டே நிறுத்துப் பார்த்த தமிழ் நூல் அது. கோபத்தில் பிறந்த நூல். அந்தக் கோபத்தின் விளைவு இன்னும் ஒன்று உண்டு: எதிர்க்கட்சியில் நின்ற கல்கியே, பத்தாண்டு கழித்து எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்ப முன்னின்றார்.

இதே கல்கிதான் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியில் கச்சேரி, நாடகம், பேசும்படம் என்று எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார். சுவையான நடை, படிக்கக் காத்திருந்தார்கள் வாசகர்கள். பாடகர் எப்படிப் பாடினார், நடிகர் எங்கே சொதப்பினார் என்று ரசிகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். தமிழ் வாசகனுக்கு ஒரு கலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம் என்ற துணிச்சலை அந்தப் பகுதி கொடுத்தது. ஆனால் அபிப்பிராயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதை நிரப்பக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 'மணிக்கொடி' 1930-களோடு முடிந்தது. 1944-ல் கு.ப.ரா. போனார். 1948-ல் புதுமைப்பித்தன் போனார். பத்திரிகைகளின் விற்பனை லட்சத்தை நோக்கி ஏற, அவற்றில் இலக்கியத்துக்கான இடம் குறைந்துகொண்டே வந்தது. விமர்சனம் என்பது நண்பரின் புத்தகத்துக்கு நாலு வரி பாராட்டு, வேண்டாதவர் புத்தகத்துக்கு நாலு வரி திட்டு என்ற அளவில் நின்றது. அப்போதுதான் ராமையா காலத்து இளைஞர் நாற்பதைத் தாண்டி, வேலையையும் விட்டுவிட்டு, ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

அவர் சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா. சுருக்கமாக சி.சு. செல்லப்பா. 1912 செப்டம்பரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'தினமணி கதி'ரில் வேலை பார்த்து வெளியே வந்தவர். இன்றைய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்த ஒரு பெயர் போதும்: 'வாடிவாசல்'. வெற்றிமாறன் படமாக்கப்போவதாக அறிவித்த அந்தக் குறுநாவலை எழுதியவர் இவர்தான். தகப்பனைக் கொன்ற காரிக் காளையை அணைய வரும் பிச்சியின் கதை அது. காளையின் ஒவ்வொரு திருப்பத்தையும், மாடு அணைபவனின் கால் எங்கே ஊன்றியது, கை எங்கே பற்றியது என்பதையும் நொடி நொடியாகப் பிரித்து எழுதிய கதை. இப்படிப் பார்க்கத் தெரிந்த கண்ணைத் தம் கதைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பிறர் எழுதிய கதைகளின் மேலும் திருப்பினார் செல்லப்பா.

1950-களின் நடுவில் எழுத்தாளர் க.நா. சுப்ரமண்யமும் (க.நா.சு.) செல்லப்பாவும் 'சுதேசமித்திரன்' பக்கங்களில் ஒரு விவாதத்தைத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்ச் சிறுகதை வளர்ந்திருக்கிறதா, தேங்கிவிட்டதா? கேள்வி எளிமையாகத் தெரிந்தது. பதில் சொல்லப் போனால் கதைகளை வரிசையாக எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் தரக்கூடிய இடமோ ஒரு பத்தி, மிஞ்சினால் ஒரு பக்கம். பக்கம் பக்கமாக அலச வேண்டிய விஷயத்தை ஒரு பத்தியில் எப்படி முடிப்பது? இடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவருக்கு ஒரே வழி தெரிந்தது. யாரும் தராத இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வது.

அந்தச் சமயத்தில் செல்லப்பா ஆங்கில, அமெரிக்க விமர்சகர்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தலைமுறைக்கு முன்பே ஒரு வெடி வெடித்திருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். பெரிய பெயர்களின் கவிதைகளை மாணவர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள்; சாதாரணமானவற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். பெயரைப் பார்த்தே இத்தனை நாள் தீர்ப்பு சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அம்பலமாயிற்று. 1929-ல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஆசிரியரின் வாழ்க்கையையும் புகழையும் தள்ளிவைத்துவிட்டுப் படைப்பின் சொற்களை மட்டும் பார் என்ற கட்சி அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்தது. எழுத்தாளரின் பெயரும் குழுவும் சாதியும் கட்சியும் பார்த்துத் தீர்ப்பு சொல்லி வந்த தமிழ்ச் சூழலுக்கு இதைவிடத் தேவையான மருந்து வேறு இல்லை என்று செல்லப்பாவுக்குத் தோன்றியது. மருந்தைத் தமிழில் அரைக்க ஒரு பத்திரிகை வேண்டும். பணம்?

பணம் இல்லை. 1959 ஜனவரியில் பத்திரிகை வந்துவிட்டது.

பெயர் 'எழுத்து'. திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த செல்லப்பாவின் வீடுதான் அலுவலகம். ஆசிரியர், வெளியீட்டாளர், பிழை திருத்துபவர், கட்டுக் கட்டித் தபாலில் சேர்ப்பவர் எல்லாம் அவரே. கதையும் கவிதையும் உண்டு என்றாலும், இலக்கியத்தைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் மோதிக்கொள்ள ஒரு களம் வேண்டும் என்பதே முதல் நோக்கம். விற்பனையைக் கூட்டுவதற்கு எல்லாரும் தவித்த காலத்தில், செல்லப்பா ஒரு விநோதமான அறிவிப்புச் செய்தார். 'எழுத்து' இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சாகாது. இப்படி ஒரு பத்திரிகையைத் தேடிப்பிடித்துப் படிக்கக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் அதற்கு மேல் இருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் தப்பாகப் போனது. இரண்டாயிரத்தை 'எழுத்து' ஒருநாளும் எட்டவில்லை.

ஆனால் சில நூறு பேர் படித்த அந்தப் பக்கங்களில் நடந்தது தமிழுக்குப் புதிது. அதற்கு 'அலசல்' என்று பெயர் வந்தது. அலசல் என்றால் என்ன என்பதை வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' என்ற ஒரே கதையை வைத்துப் பார்த்துவிடலாம். தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதும்போது செல்லப்பா தொடங்கியது வ.வே.சு. ஐயரிடமிருந்துதான். ருக்மிணி என்ற பெண்ணின் கதையை ஒரு மரம் சொல்கிறது. தகப்பனார் சொத்தை இழந்ததும் புக்ககத்தார் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் நாகராஜன் சம்மதிப்பது போல நடித்துவிட்டு, கடைசியில் ருக்மிணியோடு போய்விடத் திட்டம் வைத்திருக்கிறான். அவளுக்கு அது தெரியாது. குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

பழைய முறையில் படித்தவர் இங்கே ஒரு பெருமூச்சு விட்டு, ஸ்த்ரீகளின் துயரத்தை ஆசிரியர் உருக்கமாகக் காட்டியிருக்கிறார் என்று முடித்திருப்பார். அலசுபவர் அங்கேதான் தொடங்குவார். கதையை ஏன் மரம் சொல்ல வேண்டும்? நாகராஜன் தன் நண்பனிடம் ரகசியத்தைச் சொன்னது மரத்தடியில். ஆக, உண்மை மரத்துக்குத் தெரியும். ருக்மிணி குளத்தங்கரைக்கு வந்து நிற்கிறாள். அதுவும் மரத்துக்குத் தெரியும். மரத்தால் பேச முடியாது, ஓர் அடி நகரவும் முடியாது. உண்மை தெரிந்தும் சொல்ல வாயில்லாத ஒன்று கதையைச் சொல்வதால்தான் அந்தச் சாவு அத்தனை தாங்க முடியாததாக இருக்கிறது. நாகராஜன் சொல்லியிருந்தால் கதை வெறும் குற்ற உணர்ச்சியாகியிருக்கும். ஊர்ப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தால் வம்பாகியிருக்கும். உருக்கம் எங்கே இருக்கிறது என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடிகிறது. யாராவது மறுக்க நினைத்தால் அவரும் கதைக்குள் போய்த்தான் மறுக்க வேண்டும். பெயர், புகழ், கோபதாபம் எதற்கும் அங்கே வேலை இல்லை. 'எழுத்து' பிடிவாதமாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான்: நன்றாயிருக்கிறது என்றால் எந்த இடம், ஏன்?

விமர்சனத்துக்காகத் தொடங்கிய பத்திரிகைக்கு முதல் இதழிலேயே ஒரு விபத்து நேர்ந்தது. ந. பிச்சமூர்த்தி முன்பு எழுதிய 'பெட்டிக்கடை நாரணன்' என்ற கவிதையைச் செல்லப்பா அதில் மறுபடி வெளியிட்டார். யாப்புக்குள் அடங்காத கவிதை. பல ஆண்டுகளாகக் கவிதையை விட்டு விலகியிருந்த பிச்சமூர்த்தி அதற்குப் பிறகு மறுபடி எழுதத் தொடங்கினார். கதவு திறந்திருப்பதைப் பார்த்த இளைஞர்கள் வந்துவிட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் அனுப்பினார். சி. மணி வந்தார், எஸ். வைத்தீஸ்வரன் வந்தார். இலங்கைத் திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் எழுதினான். பின்னாளில் பிரமிள் என்று பேர் பெற்ற தருமு சிவராமு அவர். இது கவிதையே இல்லை என்று வெளியே கூச்சல் கிளம்பியது. கவிதைதான் என்று நிறுவ 'எழுத்து' தன் அலசலையே ஆயுதமாக எடுத்தது. 1962-ல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. விமர்சனம் வளர்க்கப் போன இடத்தில் புதுக்கவிதை வளர்ந்து நின்றது. வெளியே சண்டை ஓயவில்லை. அதற்குள் உள்ளேயே ஒரு விரிசல் விட்டது.

க.நா.சு.வும் செல்லப்பாவும் ஒரே நோக்கத்தோடு புறப்பட்டவர்கள். வழி மட்டும் வேறு. உலக இலக்கியம் முழுவதும் படித்த வாசகனின் ரசனையே தீர்ப்புச் சொல்லும் என்பது க.நா.சு.வின் நம்பிக்கை. இவை நல்ல நாவல்கள், இவை இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவார். படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வாசகன் வேலை. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. காரணம் காட்டாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்றார். சொல் சொல்லாகப் பிரித்தால் கலையின் உயிர் போய்விடும் என்றார் க.நா.சு. 1963-ல் அவர் 'இலக்கிய வட்டம்' என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். நண்பர்கள் பிரிந்ததில் தமிழுக்கு நஷ்டம் இல்லை. ரசனை விமர்சனம், அலசல் விமர்சனம் என்று இரண்டு பாதைகள் கிடைத்தன. நஷ்டமெல்லாம் பிள்ளையார் கோயில் தெரு வீட்டுக்குத்தான்.

சந்தா வராத மாதங்களில் மனைவியின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின. பொம்மைகள் செய்து விற்றார் செல்லப்பா. எழுத்து பிரசுரம் என்ற பெயரில் புத்தகங்கள் போட்டார். 'வாடிவாசல்', பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' எல்லாம் அப்படி வந்தவைதான். புத்தகங்களை விற்கக் கடைக்காரர்கள் முன்வராதபோது, கட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். கதர்ச் சட்டையும் தோளில் புத்தக மூட்டையுமாக வந்து நின்றவரைப் பார்த்து, இவர்தான் ஆசிரியர் என்று நம்பாதவர்கள் இருந்திருப்பார்கள். ஒன்பது ஆண்டுகள் மாத இதழாக வந்த 'எழுத்து', காலாண்டிதழாகச் சுருங்கியது. 1970-ல், 119-ம் இதழோடு நின்றது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் பார்த்துக்கொண்டது, வத்தலக்குண்டிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த நிலக்கோட்டை.

நிலக்கோட்டையில் மாமா வீட்டில் வளர்ந்து பள்ளிக்கூடம் போன ஒரு சிறுவன், அங்கே இருந்த டூரிங் டாக்கீஸில் படங்களைப் பார்த்துத் தீர்த்தான். வளர்ந்ததும் வேலை தேடி வடக்கே போனான். ஒரிசாவில் ஹிராகுட் அணைக்கட்டு வேலை, பிறகு மத்திய அரசு வேலை என்று தமிழ்நாட்டை விட்டு வெகுதூரத்தில் இருந்தபோது 'எழுத்து' அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதினார். எழுதத் தெரிந்தவரை அடையாளம் கண்ட செல்லப்பா கட்டுரை கேட்டார். வெங்கட் சாமிநாதன் என்ற விமர்சகர் அப்படிப் பிறந்தார். அவருடைய 'பாலையும் வாழையும்' கட்டுரை 'எழுத்'தில் வந்தபோது பலருக்குக் கோபம் வந்தது. தமிழ்க் கலை உலகம் பாலையாகக் கிடக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன கட்டுரை அது.

செல்லப்பா கதைக்குள்ளும் கவிதைக்குள்ளும் நின்றார். சாமிநாதன் அந்தப் பார்வையை நாடகத்துக்கும் கூத்துக்கும் ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனார். வசனத்தை நீக்கிவிட்டால் இந்தப் படத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். தெருக்கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களிடம், நம் உண்மையான நாடகம் அங்கேதான் உயிரோடிருக்கிறது என்று வாதாடினார். குறை மட்டும் சொல்லத் தெரிந்தவர் என்று அவரைத் திட்டியவர்களுக்கு 1977-ல் ஒரு பதில் வந்தது. ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை'. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. விமர்சகர் எழுதிய படம், தமிழ் சினிமா வரலாற்றில் இன்றும் பேசப்படும் படமானது.

'எழுத்து' நின்ற பிறகு அதன் வழியில் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிற்பதற்கு முன்பே 1968-ல் 'நடை' வந்துவிட்டது. 1970-ல் 'கசடதபற', 1978-ல் சாமிநாதனே முன்னின்ற 'யாத்ரா' என்று வரிசை நீண்டது. பிரதிகள் குறைவு, ஆயுள் குறைவு, பேச்சு மட்டும் பெரிது. சிறுபத்திரிகை என்ற தமிழ் மரபே அந்த இரண்டாயிரம் பிரதி அறிவிப்பிலிருந்து கிளைத்ததுதான். பல்கலைக்கழகங்களில் நாவலையும் சிறுகதையையும் பாத்திரப் படைப்பு, கதை சொல்லும் கோணம், உத்தி என்று பிரித்துப் பாடம் நடத்தும் முறை பரவியது. செல்லப்பாவின் 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' 1974-ல் நூலாக வந்தது. ராமையா எழுதிய ஏறத்தாழ முந்நூறு கதைகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, தம் ஊர்க்காரரின் பாணியைப் பற்றித் தனி நூலே எழுதினார் செல்லப்பா. முதுமையில், கை தளர்ந்த பிறகு செய்த வேலை அது.

ராமையாவோ இதற்குள் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் நாடகக் குழுவான சேவா ஸ்டேஜுக்கு 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' முதலிய நாடகங்களை எழுதிப் புகழ் பெற்றிருந்தார். பின்னது 1962-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமாகவும் வந்தது. 'மணிக்கொடி காலம்' என்ற அவருடைய இலக்கிய வரலாற்று நூலுக்கு 1982-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாவல், சிறுகதைப் பத்திரிகை, நாடகம், விமர்சனம், திரைக்கதை என்று நவீன தமிழின் ஐந்து துறைகளில் முன்னால் நின்றவர்கள், நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நிலப்பரப்பில் பிறந்தோ வளர்ந்தோ போனவர்கள்.

இன்றைக்குத் திண்டுக்கல்லில் ஒரு படம் வெளியானால் முதல் காட்சியின் இடைவேளைக்குள் செல்போனில் விமர்சனம் வந்துவிடுகிறது. முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு, திரைக்கதையில் ஓட்டை, பாத்திரத்தில் ஆழமில்லை என்று கல்லூரி மாணவர்கள் டீக்கடையில் நின்று பேசுகிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இந்தப் பேச்சு தமிழில் என்றைக்கும் இருந்தது போலவே தோன்றுகிறது. சட்டப் படிப்பில் தோற்ற ஒருவர், சிறையிலிருந்த ஒருவர், பாரதிக்காகக் கோபப்பட்ட இருவர், வேலையை விட்ட ஒருவர், ஊரை விட்டுப் போன ஒருவர் என்று கைமாறிக் கைமாறித்தான் அது இந்த டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

செல்லப்பா 1998 டிசம்பர் 18-ல் காலமானார். மூன்று பாகங்களாக அவர் எழுதிய 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, வாங்க அவர் இல்லை. நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுப்பது யாராலும் ஆகும். எந்த வரி, எந்தக் காட்சி, ஏன் என்று காட்டுவதுதான் விமர்சனம். அந்தப் பாடத்தை 119 இதழ்களில், இரண்டாயிரத்துக்கும் குறைவான வாசகர்களை வைத்துக்கொண்டு தமிழுக்குக் கற்றுக்கொடுத்தவர் வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா.